கைக்குழந்தையின் மனசு: வழக்கமாக நடக்கும் சில தவறுகள்

"தூக்கித் தூக்கிப் பழக்காதே, அப்புறம் கீழேயே இறங்காது" என்ற வசனம் கேட்காத வீடு இல்லை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தைக்குக் கைச்சூடு பழகிவிடுமே என்று அழவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். அதே குழந்தை ஒரு வயது தாண்டியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், "அவங்க அப்பாவும் அப்படித்தான், விடு" என்பார்கள். பயப்படத் தேவையில்லாத இடத்தில் பயம், கவனிக்க வேண்டிய இடத்தில் அலட்சியம். முதல் ஒன்றரை வருடத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

முதலில் அழுகை. இரண்டாவது வாரம் வாக்கில் அதிகமாக ஆரம்பிக்கும், சுமார் 6 வாரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் தானாகத் தணியும். நன்றாகப் பால் குடித்து எடை ஏறும் குழந்தையும் இப்படித்தான் அழும், அதுவும் சாயங்காலம் ஆனால் கச்சேரிதான். இதைப் பார்த்துப் பால் பத்தவில்லை என்று முடிவு கட்டிப் பவுடர் பாலுக்குத் தாவுவது தனிக் கதை. "அழட்டும், பிடிவாதம் பழகக் கூடாது" என்று விடுவதுதான் இங்கே பேச வேண்டியது. பிடிவாதம் பிடிக்க, அழுதால் காரியம் ஆகும் என்று திட்டம் போடத் தெரிய வேண்டும். இரண்டு மாதக் குழந்தைக்கு அந்த மூளை இன்னும் வளரவில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் சில்வியா பெல்லும் மேரி எய்ன்ஸ்வொர்த்தும் வீடு வீடாகப் போய் 26 குழந்தைகளைக் கவனித்து 1972இல் எழுதியது இது: முதல் சில மாதங்களில் அழுதவுடன் யாராவது ஓடி வந்த குழந்தைகள் வருடக் கடைசியில் குறைவாகத்தான் அழுதார்கள். அந்த ஆய்வின் கணக்கு முறையைப் பற்றிப் பிறகு சர்ச்சை வந்தது உண்மைதான். அதற்காகத் தூக்கினால் கெட்டுப்போகும் என்று அர்த்தம் இல்லை, தாராளமாகத் தூக்குங்கள். என்ன செய்தும் அடங்கவில்லை, உங்களுக்கே ஆத்திரம் வருகிறது என்றால் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் மூச்சு விட்டுவிட்டு வாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது, மூளைக்குள் ரத்தம் கசியலாம்.

சிரிப்புக்கு வருவோம். முதல் வாரங்களில் தூக்கத்தில் வருவது சாமி காட்டும் சிரிப்பு, அது நமக்கானதல்ல. ஆறிலிருந்து எட்டு வாரத்தில்தான் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். உடனே வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் முகத்துக்கு நேரே வந்து கைதட்டி, கிலுகிலுப்பை ஆட்டி, கிச்சுகிச்சு மூட்டி, குழந்தை முகத்தைத் திருப்பினால் அந்தப் பக்கமும் போய் நின்று "இங்க பாரு, இங்க பாரு" என்பார்கள். அப்படித் திருப்புவதுதான் அதன் பேச்சு. போதும், கொஞ்சம் இரு என்கிறது. துரத்தாமல் சும்மா இருந்தால் சில நொடிகளில் அதுவே திரும்பி வரும். தன் மனதைத் தானே அடக்கிக்கொள்ள அது கற்கும் முதல் வித்தை இது, நாமே அதைக் கெடுத்துவிடுகிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எட்வர்ட் டிரோனிக் என்ற உளவியலாளர் 1970களில் செய்த சோதனையில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று எந்த உணர்ச்சியும் இல்லாத முகத்தோடு ஓரிரு நிமிடம் உட்கார வேண்டும். குழந்தை சிரித்துப் பார்க்கும், சத்தம் கொடுக்கும், கையை நீட்டும். ஒன்றும் நடக்காவிட்டால் முகம் வாடித் திரும்பிக்கொள்ளும், சில குழந்தைகள் அழுதுவிடும். பால் கொடுக்கும்போது போனில் மூழ்கிய முகம் இதே மாதிரிதான் தெரியும் என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் இதை வைத்து அம்மாக்களைக் குற்றவாளி ஆக்குவது அடுத்த தவறு. நல்ல உறவில்கூட அம்மாவும் குழந்தையும் பாதி நேரம் ஒத்துப்போவதே இல்லை, விட்ட இடத்தில் மறுபடி சேர்ந்துகொள்வதுதான் முக்கியம் என்று சொன்னவரும் அதே டிரோனிக்தான். மெசேஜுக்குப் பதில் போட்டுவிட்டு நிமிர்ந்து சிரித்தால் சரியாகிவிடும். நாள் முழுக்க நிமிராமல் இருந்தால்தான் பிரச்சினை.

அடுத்தது ஆறேழு மாதம். வேலைக்குப் போகும் பெண்களை நிறையக் குழப்புகிற கட்டம் இது. 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு. பிரசவத்துக்கு முன்பே சில வாரங்கள் எடுத்திருந்தால் குழந்தைக்கு ஆறு மாதம்கூட ஆகியிருக்காது. அம்மா வேலைக்குத் திரும்பிய ஓரிரு மாதத்தில், அதுவரை யார் கை நீட்டினாலும் போன பிள்ளை புது முகத்தைக் கண்டு அலறும், அம்மா குளிக்கப் போனாலே கதவைத் தட்டும். "நீ வேலைக்குப் போனதாலதான் இப்படி ஆயிடுச்சு" என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். வேலைக்கே போகாத அம்மாவின் குழந்தையும் அந்த வயதில் அப்படித்தான் அழும். தன் ஆள் யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது, கண்ணில் படாவிட்டாலும் அம்மா எங்கோ இருக்கிறாள் என்று புரிகிறது, எப்போது வருவாள் என்றுதான் தெரியவில்லை. சில குழந்தைகளுக்கு இது ஒன்றரை வயது வரை போகும்.

இந்தக் கட்டத்தில் மோசமான பழக்கம், குழந்தையை ஏய்த்துவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவுவது. அன்றைக்கு அழுகை மிச்சம். மறுநாளிலிருந்து அம்மா எந்த நிமிடமும் காணாமல் போகலாம் என்று பிள்ளை முந்தானையை விடாது. அழுதாலும் பரவாயில்லை, "அம்மா ஆபீஸ் போயிட்டு சாயங்காலம் வருவேன், டாட்டா" என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், கிளம்பிய பிறகு மூன்று தடவை திரும்பி வந்து கொஞ்சாதீர்கள். விருந்துக்கு வந்த பெரியம்மா கையில் வலுக்கட்டாயமாகத் திணிப்பதும் வேண்டாம். அம்மா மடியிலேயே இருந்து பத்து நிமிடம் பெரியம்மாவை நோட்டம் விடட்டும், பிறகு அதுவே போகும். பெரியம்மா கோபித்துக்கொண்டால் பார்த்துக்கொள்ளலாம்.

சோறு ஊட்டப் பூச்சாண்டியைக் கூப்பிடுவதற்கும் இதே வயதுதான். இந்த வயதில் எதைக் கண்டு பயப்படலாம் என்பதைக் குழந்தை பெரியவர்கள் முகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறது. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேசையில் விட்டார்கள், பாதியில் கீழே பள்ளம் இருப்பது போலத் தெரியும். எதிரே நின்ற அம்மா சிரித்தபோது 19 பேரில் 14 பேர் தாண்டி வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. அவ்வளவு நம்புகிற முகத்தை வைத்துக்கொண்டு இல்லாத பூச்சாண்டிக்குக் கண்ணை உருட்டினால், இருட்டும் ஊசி போடும் டாக்டரும் தெருவில் போகிற தாடிக்காரரும் பூச்சாண்டி ஆகிவிடுவார்கள்.

பூச்சாண்டியின் இடத்தை இப்போது போன் பிடித்துவிட்டது. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்றே ஒன்று உண்டு, நிலாவைக் குழந்தையோடு விளையாட வா என்று அழைப்பது. சோறு ஊட்டும்போது நிலாவைக் காட்டி நாம் விரல் நீட்ட, குழந்தை விரலையும் நிலாவையும் பார்த்துவிட்டு, "நீயும் பார்க்கிறாயா?" என்பது போல நம் முகத்துக்குத் திரும்பும். ஒரே பொருளை இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிறோம் என்ற இந்த உணர்வு 9 மாதம் வாக்கில் துளிர்க்கிறது, பேச்சும் பெரும்பாலும் இதன் மேல்தான் வளர்கிறது. போனில் பாட்டு ஓடும்போது வாய் மட்டும் திறக்கும், கண் நம் பக்கம் திரும்பாது. ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது, இரண்டு வயது வரை வேண்டாம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை. வெளியூர்த் தாத்தாவோடு எப்போதாவது வீடியோ காலில் பேசினால் தப்பில்லை, அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்.

இனி அலட்சியத்தின் பக்கம். பிரசவம் முடிந்த சில நாட்கள் காரணமில்லாமல் கண்ணீர் வருவது சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமில்லை, குழந்தை மேல் ஒட்டுதலே வரவில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு, மருந்தும் ஆலோசனையும் உள்ள நோய். "பிள்ளை பெத்த வீட்ல என்ன அழுகை" என்று வாயை அடைக்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள், அல்லது 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி மையமான டெலி மானஸுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

குழந்தையிடம் பார்க்க வேண்டியவை: மூன்று மாதம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்காதது, ஒரு வயதில் பெயருக்குத் திரும்பாதது, 14 மாதத்திலும் எதையும் விரல் நீட்டிக் காட்டாதது, 16 மாதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லாதது. குறைமாதக் குழந்தைக்கு மட்டும் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து இல்லாமல், டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து போடுங்கள். எட்டு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தை 16வது வாரத்தில் சிரிக்க ஆரம்பித்தால் தாமதம் இல்லை. இதில் ஒன்று தெரிந்தாலே ஆட்டிசம் என்று இணையத்தில் தேடிப் பதற வேண்டாம், காது கேட்காத குழந்தையும் பெயருக்குத் திரும்பாது, அதனால் காது பரிசோதனை முதலில். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்று மூன்று வயது வரை காத்திருப்பதால் பயிற்சிக்கு நன்றாகப் பலன் கிடைக்கும் காலம் போய்விடுகிறது. அரசு மருத்துவக் கல்லூரியிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ டி.இ.ஐ.சி. (வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரமே கண்டு உதவும் மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள், வளர்ச்சி சம்பந்தமான பரிசோதனையும் பயிற்சியும் அங்கே இலவசம். பேசிக்கொண்டிருந்த வார்த்தையோ, காட்டிக்கொண்டிருந்த டாட்டாவோ திடீரென்று நின்றுபோனால் அடுத்த தடுப்பூசித் தேதிவரைகூடப் பொறுக்காமல் அந்த வாரமே போய்விடுங்கள்.