ராணுவ டாக்டர் படிப்புக்கு பதினேழு வயசுல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி

நீட் ரிசல்ட் வந்த வாரத்துல என் கிளினிக்ல கடைசி டோக்கன் பெரும்பாலும் ஒரு பையனும் அவன் அப்பாவுமாத்தான் இருக்கும். உடம்புக்கு ஒண்ணும் இருக்காது. "டாக்டர் சார், நீங்க ஏஎஃப்எம்சில படிச்சவராமே, இவனுக்கும் மார்க் வந்திருக்கு, போகலாமா?"ன்னு கேப்பாங்க. இந்த வருஷம் வந்த அப்பா சட்டைப் பையில இருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து நீட்டினாரு, பின்பக்கம் பென்சில்ல கணக்கு, பாண்ட் தொகை இவ்வளவு, பேங்க் வட்டி இவ்வளவு, மாசத் தவணை இவ்வளவுன்னு. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சு. எங்கப்பா அன்னைக்கு உக்காந்து போட்ட அதே கணக்கு. அதனாலதான் இத எழுதறேன்.

சர்டிஃபிகேட், கடைசி தேதி, எந்த வெப்சைட்ல விருப்பம் குடுக்கணும், அதெல்லாம் இங்க சொல்லப் போறதில்ல, எல்லாம் பிராஸ்பெக்டஸ்லயே இருக்கு, ரெண்டு தடவ நிதானமா படிச்சா போதும். இதுல சேர நினைக்கறவங்க பண்ற தப்புகள மட்டும் ஒவ்வொண்ணா சொல்றேன்.

புதுசா கேக்கறவங்களுக்கு மட்டும் சுருக்கமா சொல்லிடறேன். ஏஎஃப்எம்சின்னா புனேல இருக்கற ராணுவ மருத்துவக் கல்லூரி, 1948ல ஆரம்பிச்சது, அங்க எம்பிபிஎஸ் வந்தது 1962ல. வருஷத்துக்கு 145 பேர், பசங்க 115, பொண்ணுங்க 30. நீட் மார்க்க வச்சு கூப்பிடுவாங்க, அப்புறம் இங்கிலிஷும் ரீசனிங்கும் கலந்த ஒரு டெஸ்ட், இன்டர்வியூ, மெடிக்கல் போர்டு. நாலரை வருஷம் படிப்பு, ஒரு வருஷம் இன்டர்ன்ஷிப், அதுக்கப்புறம் ராணுவத்துலயோ கடற்படையிலயோ விமானப்படையிலயோ ஆபீசரா வேலை பாத்தே ஆகணும், அதுக்குத்தான் பாண்ட், மீறினா ஒரு தொகை கட்டணும்னு எழுதி வாங்கற பத்திரம்.

ஃப்ரீ சீட்டுன்னு நினைக்கறது

ஃப்ரீ இல்ல. முன்பணமா நம்ம வயச குடுக்கறோம்.

"வேணாம்னா பணத்த கட்டிட்டு வந்துடலாம்"

இதுதான் என்னை இன்னிக்கும் எரிச்சல் படுத்தற தப்பு. சொந்தக்காரங்க சொல்றாங்க, கோச்சிங் சென்டர்ல சொல்றாங்க, படிச்சவங்களே சொல்றாங்க. பாண்ட் மேல ஒரு தொகை அச்சடிச்சிருக்கு பாருங்க, அத பாத்த உடனே எல்லாருக்கும் அது ஒரு கடன் மாதிரி, கட்டினா கணக்கு முடிஞ்சதுன்னு தோணிடுது.

எங்கப்பா கூட்டுறவு பேங்க்ல கிளார்க். வட்டி கணக்கு அவருக்கு தண்ணி பட்ட பாடு. நான் மைனர், அதனால பாண்ட்ல அவரும் கையெழுத்து போடணும், ஸ்டாம்ப் பேப்பர கண்ணாடி மாட்டிட்டு வரி வரியா படிச்சாரு, கடைசில பேனாவ மூடிட்டு "பயப்படாதடா, ரொம்ப முடியலன்னா ஊர்ல இருக்கற நிலத்த வித்து கட்டிட்டு உன்ன கூட்டிட்டு வந்துடறேன்"னாரு. அந்த ஒரு வார்த்தைய நம்பித்தான் நான் ரயில் ஏறினேன். அவரும் அத நம்பினாரு.

விஷயம் என்னன்னா, அந்தத் தொகை படிப்ப பாதியில விடறவங்களுக்கும், படிச்சு முடிச்சு படையில சேர மாட்டேன்னு சொல்றவங்களுக்கும்தான். தோள்ல ஸ்டார் ஏறின அப்புறம் கதையே வேற. அப்புறம் நீங்க ராணுவத்துல சேந்தா 1950ம் வருஷ ராணுவ சட்டத்துக்கு கீழ வந்துடறீங்க, ராஜினாமா லெட்டர் எழுதிக் குடுக்கலாம், ஆனா அத ஏத்துக்கறதும் ஏத்துக்காததும் மத்திய அரசு கையில, ஏத்துக்கற வரைக்கும் நீங்க டியூட்டில இருக்கணும், சொல்லாம கிளம்பினா அது லீவு இல்ல, குற்றம். விமானப்படைல இருந்தவர் ஒருத்தரோட கேஸ்ல 2019ல சுப்ரீம் கோர்ட்டும் இதத்தான் சொல்லிச்சு, படையில சேந்தவங்களுக்கு நினைச்ச நேரத்துல விட்டுட்டுப் போற உரிமை கிடையாதுன்னு.

நான் கேப்டனாகி மூணாவது வருஷம், வடக்கு சிக்கிம்ல ஒரு பட்டாலியனுக்கு ஆர்எம்ஓவா, அதாவது அந்தப் படைப்பிரிவோட டாக்டரா இருந்தப்போ அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்துடுச்சு. வலது பக்கம் விழுந்துடுச்சு, பேச்சு குழறுது. அம்மா தனியா. தங்கச்சி காலேஜ்ல. லீவு உடனே குடுத்தாங்க, ஆனா ரோடு பனியில மூடியிருந்ததால நான் வீட்டுக்கு வந்து சேர நாலு நாள். கட்டில் பக்கத்துல உக்காந்ததும் அப்பா இடது கையால தலையணைக்கு அடியில காட்டினாரு. நிலத்துப் பத்திரம். பேச முடியாத மனுஷன், "வித்து கட்டுடா, வந்துடு"ன்னு அப்படி சொல்றாரு.

நான் திரும்பிப் போய் சிஓகிட்ட (பட்டாலியனோட தலைமை அதிகாரி) கேட்டேன், "சார், பாண்ட் பணத்த கட்டிடறேன், என்ன விட்டுடுங்க." அவர் நல்ல மனுஷன், என்ன உக்கார வச்சு டீ குடுத்து சொன்னாரு, "டாக்டர், அந்தப் பணத்த இனிமே யாரும் வாங்க மாட்டாங்க." ஒரே வரி. பதினேழு வயசுல இத ஒருத்தர் எங்க அப்பாகிட்டயும் என்கிட்டயும் சொல்லியிருந்தா நான் ஒருவேளை அப்பவும் கையெழுத்து போட்டிருப்பேன், ஆனா எங்கப்பா அந்தப் பத்திரத்த தலையணைக்கு அடியில வச்சுட்டு காத்துட்டு இருந்திருக்க மாட்டாரு.

குடும்ப நிலமைய எழுதிக் குடுத்தா வீட்டுக்கு பக்கத்துல போஸ்டிங் கேக்க வழி இருக்கு, எனக்கும் கிடைச்சுது, எட்டு மாசம் கழிச்சு. அந்த எட்டு மாசம் அம்மா ஒருத்தியா அவர தூக்கி குளிப்பாட்டினாங்க.

அதனால கணக்க ரூபாயில போடாதீங்க, வயசுல போடுங்க. 18ல சேந்தா இன்டர்ன்ஷிப் முடியறப்போ 23, 24. நான் போட்டது ஷார்ட் சர்வீஸ், அதாவது குறிப்பிட்ட வருஷம் மட்டும் வேலை, எங்க காலத்துல 7 வருஷம், அப்போ 30, 31. பர்மனன்ட் கமிஷன், அதாவது ஓய்வு வயசு வரைக்கும் வேலைன்னா, பென்ஷனுக்கே 20 வருஷ சர்வீஸ் வேணும். இதுல எது உங்களுக்கு வரும்ங்கறது மெரிட்டயும் காலி இடத்தயும் பொறுத்தது, கேட்டதுதான் கிடைக்கும்னு யாரும் எழுதிக் குடுக்கல. வருஷமும் தொகையும் அப்பப்ப மாறுது, அந்த வருஷ பிராஸ்பெக்டஸ்ல உள்ளத மட்டும் நம்புங்க, சீனியர் சொன்னது, நான் சொன்னது எதையும் நம்பாதீங்க. அப்புறம் அந்த வயசுக்கு கீழ இன்னொரு வரி எழுதுங்க, அந்தந்த வருஷம் அம்மாவுக்கு என்ன வயசு, அப்பாவுக்கு என்ன வயசு, தம்பி தங்கச்சி என்ன படிப்பாங்கன்னு. இத யாருமே எழுத மாட்டேங்கறாங்க.

யூனிஃபார்ம மட்டும் பாக்கறது

பரேட் வீடியோ பாத்துட்டு வர்ற பசங்ககிட்ட நான் எம்ஐ ரூம் பத்தி, அதாவது பட்டாலியனோட சின்ன மருத்துவ அறை பத்தி சொல்வேன். முதல் சில வருஷம் பெரும்பாலும் நீங்க பெரிய ஆஸ்பத்திரில ஸ்டெதஸ்கோப்போட நடக்க மாட்டீங்க, ஒரு பட்டாலியனுக்கு ஒரே டாக்டரா ஒரு தகரக் கொட்டகையில இருப்பீங்க, கெரசின் புகாரி (குளிர் காய்ற அடுப்பு) எரியும், காலையில சிக் பரேட், முதுகு வலி, பனியில வெடிச்ச விரல், காய்ச்சல், அப்புறம் சமையல் கூடம் சுத்தமா இருக்கான்னு போய் பாக்கறது, தண்ணில குளோரின் டெஸ்ட் பண்றது. ஸ்பெஷலிஸ்ட்ட கேக்கணும்னா போன்தான், அதுவும் லைன் கிடைச்சா.

ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஜவான தூக்கிட்டு வந்தாங்க, நுரையீரல்ல தண்ணி கோத்துகிச்சு, உதடு நீலம், மூச்சு விடறப்போ கொப்புளம் வெடிக்கற மாதிரி சத்தம். உயரத்துல வர்ற நோய், சரியான வைத்தியம் கீழ எறக்கறதுதான், ஆனா விடியற வரைக்கும் ஹெலிகாப்டர் வராது. ஆக்சிஜன் குடுத்து, ஹேப் பேக்னு ஒண்ணு இருக்கு, ஆள உள்ள படுக்க வச்சு ஜிப் போட்டு வெளிய இருந்து கால் பம்பால காத்தடிச்சுட்டே இருக்கணும், உள்ள காத்தழுத்தம் ஏறி அவருக்கு கீழ எறங்கின மாதிரி ஆகும். நானும் நர்சிங் அசிஸ்டன்ட்டும் மாத்தி மாத்தி மிதிச்சோம். பையில சின்ன பிளாஸ்டிக் ஜன்னல் வழியா அவர் கண்ண மட்டும் பாத்துட்டே மிதிச்சேன். இந்த வேலைய எனக்கு வேற எந்த கிளினிக்கும் குடுத்திருக்காது, இதுக்கு மனசு வர்ற பசங்க தாராளமா போகலாம்.

பிஜி அப்புறம் பாத்துக்கலாம்னு விடறது

என் கூட ப்ளஸ் டூ படிச்சவன் 28ல எம்டி முடிச்சான், நான் அப்போ பட்டாலியன்ல இருந்தேன். சர்வீஸ்ல இருக்கறவங்களுக்கு ராணுவ பிஜி சீட்டுல முன்னுரிமை உண்டு, ஷார்ட் சர்வீஸ் முடிச்சவங்களுக்கும் தனி வரிசை உண்டு, ஆனா அதுக்குன்னு சர்வீஸ் வருஷக் கணக்கு இருக்கு, நீட் பிஜி எழுதணும், படிச்சு முடிச்சா மேல இன்னும் சில வருஷம் வேலை பாக்கணும். சர்ஜன்தான் ஆவேன், 27க்குள்ள ஆவேன்னு அவசரம் இருக்கறவங்க இத முதல்லயே யோசிங்க.

இது ஒண்ணுதான் வழின்னு நினைக்கறது

இது ரொம்ப பேருக்கு தெரியல. வெளி காலேஜ்ல எம்பிபிஎஸ் முடிச்சவங்களும் ஷார்ட் சர்வீஸ்ல ராணுவ டாக்டரா சேரலாம், 30 வயசுக்குள்ள இன்டர்வியூக்கு போகலாம், முதல்ல 5 வருஷம், பிடிச்சா நீட்டிச்சு மொத்தம் 14 வருஷம் வரைக்கும். அதாவது 17ல "இப்ப வேணாம்"னு சொன்னா கதவு மூடிடாது. நம்ம ஊர் அரசு காலேஜ்ல இடம் கிடைக்கற மார்க் இருந்தா, 24 வயசுல டாக்டரா, சொந்த புத்தியோட முடிவு பண்ணலாம். ஆனா ஒண்ணு, அரசு காலேஜும் கிடைக்கல, பிரைவேட்டுக்கு வசதியும் இல்லன்னா, ஃபீஸ் இல்லாம சாப்பாடு, தங்க இடம், யூனிஃபார்ம் எல்லாம் குடுத்து டாக்டர் ஆக்கற இடத்த வேணாம்னு சொல்ல நான் யாரு. வேலைக்கு போனதும் கேப்டனுக்கு அடிப்படை சம்பளமே 61,300, அதுக்கு மேல எம்எஸ்பி (ராணுவ சேவை ஊதியம்) 15,500, என்பிஏ (தனியா பிராக்டிஸ் பண்ணாததுக்கு குடுக்கற படி) வேற. எங்க வீட்டுக் கடன் அதுலதான் அடைஞ்சுது.

நம்ம ஊர் கட்ஆஃப வச்சு கணக்கு போடறது

நம்ம ஊர் மாதிரி சாதிவாரி இடஒதுக்கீடு அங்க கிடையாது. பொண்ணுங்களுக்கு இடம் 30தான், அதனால அவங்களுக்கு இன்னும் அதிக மார்க் வேணும்.

மெடிக்கல் போர்ட கடைசில யோசிக்கறது

நீட்ல அள்ளிட்டு, புனே வரைக்கும் போய், கலர் விஷன்ல அன்ஃபிட்டுன்னு அழுதுட்டே ட்ரெயின் ஏறின பையன எனக்கு தெரியும். ப்ளஸ் ஒன்லயே ஒரு கண் டாக்டர்கிட்ட இஷிஹாரா புக் (கலர் சரியா தெரியுதான்னு பாக்கற புக்) காட்ட சொல்லுங்க, காது, மூக்கு தண்டு, பாதம், முட்டி எல்லாம் ஒரு தடவ பாத்துடுங்க. கண்ணாடிய மறைக்க அவசரப்பட்டு லேசர் பண்ணிக்காதீங்க, பச்சை குத்தாதீங்க. பழைய ஆபரேஷன மறைக்கவே மறைக்காதீங்க.

இன்டர்வியூக்கு "நாட்டுக்கு சேவை"ன்னு மனப்பாடம் பண்ணிட்டு போறது

கண்டுபிடிச்சுடுவாங்க.

அப்பாவே பேசறது

அன்னைக்கு கிளினிக்ல இருபது நிமிஷம் அவர்தான் பேசினாரு, பையன் வாயே திறக்கல. நான் அந்த காலண்டர் தாள வாங்கி கணக்குக்கு கீழ கோடு போட்டு 18, 24, 31ன்னு எழுதி, பையன்கிட்ட பேனாவ குடுத்து "தம்பி, இதுக்கு கீழ அம்மா அப்பா வயச நீ எழுது"ன்னேன். 31க்கு கீழ அப்பாவுக்கு 63ன்னு எழுதிட்டு நிமிந்து அவர ஒரு தடவ பாத்தான். அவரும் தாள பாத்துட்டு அமைதியாயிட்டாரு. முடிவு ஒண்ணும் சொல்லல, வீட்ல பேசிட்டு வர்றோம்னு எந்திரிச்சாங்க.

கதவு வரைக்கும் போன பையன் திரும்பி வந்து முத தடவையா வாய திறந்தான். "சார், அந்த ஜவான் பொழச்சுட்டாரா?"

"பொழச்சுட்டாருப்பா. விடிஞ்சதும் கீழ எறக்கிட்டோம், பத்து நாள்ல எழுந்து நடந்தாரு"ன்னேன். தலையாட்டிட்டு போனான்.