நாரி நோ விட்ட கதை
கொழும்பு கொள்ளுப்பிட்டியில் நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருக்கிற வேலை. காலி வீதி பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு நின்றபடி வந்து இறங்கும்போது நாரி, அதாவது முதுகின் அடிப்பகுதி, கழன்று விழுமாப்போல நோகும். அசையாமல் படுத்திரு என்பது அம்மாவின் வைத்தியம். ஆனால் சாதாரண நாரி நோவுக்கு நாள்கணக்கில் படுத்தால் தசை இன்னும் இறுகும், மெல்ல நடமாடு என்றார் பிசியோதெரபிஸ்ட்.

கணினித் திரைக்கு அடியில் பழைய டெலிபோன் டிரெக்டரிகளை அடுக்கிக் கண்மட்டத்துக்கு உயர்த்தினேன். துவாயைச் சுருட்டி நாரிக்குப் பின்னால் வைத்தேன். அரை மணிக்கொருக்கால் எழும்பி ஒரு சின்ன நடை. பின்னேரம் கடலோர வீதியான மரைன் டிரைவில் நடப்பேன். கடற்கரை மணலில் இல்லை, சரிவு ஒரு பக்கமாய் இழுக்கும். அப்புறம் பாயில் மல்லாந்து, முழங்காலை ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பேன். இதுதான் உண்மையில் பலன் தந்தது. சுடுதண்ணிப் பையும் சித்தாலேப என்ற பூச்சுத் தைலமும் இதம் தரும், அவ்வளவுதான்.

சில கிழமைகளில் நோ விட்டுவிட்டது. கால் விறைத்தாலோ, பலம் இழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ இதொன்றும் சரிவராது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.