திரண்டால் ஒளிரும் மூலக்கூறு: கிணற்று நீரில் செம்பைத் தேடும் செய்முறை

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரக் கல்லூரிகளில் முதுகலை வேதியியல் படிப்பவர்கள், விலை உயர்ந்த கருவி இல்லாமலே தொடங்கி முடிக்கக்கூடிய செயல்திட்டம் இது. சாலிசிலால்டிஹைடு அசைன் என்னும் மஞ்சள் பொருளைத் தயாரித்து, அதன் ஒளி மங்குவதைக் கொண்டு நீரில் உள்ள செம்பு அயனியை அறிவதே இதன் நோக்கம். மூலக்கூறைத் தயாரிப்பது எளிது. நம் ஊர் நீரில் அது காட்டும் விடையை நம்பலாமா என்று சோதிப்பதே கடினம் என்பதால், அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலான ஒளிரும் சாயங்கள் செறிவு கூடினால் மங்கிவிடும். பைரீன் என்னும் ஒளிரும் சேர்மத்தில் இதை ஜெர்மன் வேதியியலாளர் ஃபோர்ஸ்டர் 1954-இல் எடுத்துக்காட்டினார். இதற்கு நேர்மாறாக, தனித்திருக்கும்போது இருண்டும் திரண்டபின் ஒளிர்ந்தும் நிற்கும் சைலோல் (சிலிக்கான் அணு உள்ள வளையம்) மூலக்கூறு ஒன்றை ஹாங்காங்கில் பென் ஜோங் டாங்கின் குழு 2001-இல் அறிவித்தது. கரைசலில் இத்தகைய மூலக்கூறின் வளையங்கள் பல்லடம் பக்கத்துக் காற்றாலை இறக்கைகளைப் போலச் சுழன்று, உட்கொண்ட ஆற்றலை வெப்பமாகவே கழித்துவிடுகின்றன. நெருங்கித் திரளும்போது அந்தச் சுழற்சி தடைபடுவதால், ஆற்றல் ஒளியாக வெளிவருகிறது. அசைனில் தடைபடுவது இரண்டு நைட்ரஜன்களுக்கு இடையிலான பிணைப்பின் சுழற்சி.

20 மி.லி. எத்தனாலில் சாலிசிலால்டிஹைடு 1.22 கிராம் (10 மில்லிமோல்) கரைத்து, 5 மில்லிமோல் ஹைட்ரசீன் ஹைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்குங்கள். ஹைட்ரசீன் நஞ்சு, புகைக்கூண்டும் கையுறையும் இல்லாமல் இந்தப் படியைச் செய்யவே கூடாது. மஞ்சள் படிகங்கள் விரைவில் இறங்கும். அவற்றை வடிகட்டிக் குளிர்ந்த எத்தனாலில் கழுவி, எத்தனாலிலேயே மறுபடிகமாக்கி உலர்த்த வேண்டும்.

அடுத்து, 2.4 மி.கி. அசைனை 10 மி.லி. எத்தனாலில் கரைத்தால் 1 மில்லிமோலார் மூலக்கரைசல் கிடைக்கும். ஒவ்வொரு குழாயிலும் இதில் 0.5 மி.லி. மட்டும் எடுத்து, எத்தனாலும் நீரும் சேர்த்து மொத்தம் 10 மி.லி. ஆக்குங்கள். முதல் குழாயில் 9.5 மி.லி. எத்தனால், கடைசியில் 0.5 மி.லி. எத்தனாலும் 9 மி.லி. நீரும், இடையில் நீரின் பங்கு படிப்படியாக உயரட்டும். எல்லாக் குழாய்களிலும் அசைனின் செறிவு 50 மைக்ரோமோலாராக மாறாதிருப்பதே இந்தச் சோதனையின் உயிர். நீரைக் கலக்கிக்கொண்டே சேர்த்து, சேர்த்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம் விட்டு, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சின் கீழ்ப் பாருங்கள். அதற்குரிய கண்ணாடியை அணிந்துகொள்வது அவசியம். எத்தனால் மிகுந்த குழாய்கள் மங்கியும், நீர் மிகுந்தவை மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிர்ந்தும் நிற்கும். திரள்கள் நேரம் போகப் போகப் பெருத்து அடியில் படியும் என்பதால், நேற்றுக் கலந்ததை இன்று அளக்கக் கூடாது.

நீர் 90 விழுக்காடு உள்ள கலவையில் பி.எச். 7 அருகே ஹெப்பீஸ் தாங்கல் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) சேர்த்து, அதில் செம்பு சல்பேட்டைச் சிறிது சிறிதாக விட்டால், அசைனோடு செம்பு பிணைந்து ஒளி குறையும். பாஸ்பேட் தாங்கலைத் தவிர்த்துவிடுங்கள். நம் ஆழ்குழாய் நீரின் கால்சியத்தோடு அது வீழ்படிவாகிக் கலங்கலை உண்டாக்கும்.

இப்போது நொய்யல் கரையோரக் கிணற்று நீருக்கு வருவோம். பருத்தியில் சாயம் ஏறுவதற்காகச் சாயப்பட்டறைத் தொட்டியில் உப்பை அள்ளிப் போடுவார்கள். சாயத்தின் கரைதிறனைக் குறைத்து நூலை நோக்கித் தள்ளுவது அந்த உப்புதான். அதே உப்பு நிலத்தடி நீரில் கலந்திருந்தால் நம் அசைனையும் கூடுதலாகத் திரளச் செய்யும், செம்போடு எந்தத் தொடர்பும் இல்லாமல் ஒளியின் அளவு மாறும். சாயக்கழிவின் நிறம் தூண்டும் ஒளியையே விழுங்கி, செம்பு இருப்பதுபோன்ற பொய்யான மங்கலைக் காட்டும். துணியை வெண்மையாக்கும் பொருள்களும் சலவைத்தூளும் கலந்த நீரோ, அசைன் சேர்க்காமலே புற ஊதாவில் நீலமாக ஒளிரும்.

ஆகவே ஒவ்வொரு நீர் மாதிரியையும் வடிகட்டி மூன்று பங்காக்குங்கள். முதல் பங்கில் அசைன் சேர்க்காமல், நீரின் சொந்த ஒளியை மட்டும் பாருங்கள். இரண்டாவதில் முதலில், உலோக அயனிகளை இறுகப் பற்றும் ஈ.டி.டி.ஏ. சேர்த்துச் செம்பைப் பிடித்துவைத்த பிறகு அசைன் விடுங்கள். மூன்றாவதில் நேராக அசைன் விடுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே அளவில் மங்கினால் காரணம் நிறமோ உப்போதான், செம்பு அன்று. மூன்றாவது மட்டும் மங்கினால் செம்பை ஐயுறலாம். ஆனால் இரும்பு போன்ற பிற உலோகங்களையும் ஈ.டி.டி.ஏ. பிடிக்கும் என்பதால், அவற்றைத் தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்த பிறகே பெயர் சொல்ல வேண்டும்.

அளவு வேண்டுமானால், காய்ச்சி வடித்த நீரில் வரைந்த அளவுக்கோட்டைக் கிணற்று நீருக்குப் பொருத்தாதீர்கள். அதே கிணற்று நீரில் தெரிந்த அளவு செம்பைப் படிப்படியாகச் சேர்த்து, கிடைக்கும் கோட்டின் சரிவைக் கொண்டே கணக்கிடுங்கள்.

இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீரில் செம்பின் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 0.05 மி.கி., அதாவது ஏறத்தாழ 0.8 மைக்ரோமோலார், மாற்று நீர் ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் 1.5 மி.கி. என்பது 24 மைக்ரோமோலாரை ஒட்டியது. 50 மைக்ரோமோலார் அசைன் உள்ள குழாயில் இரண்டாவது அளவு கண்ணுக்குத் தெரியலாம்; முதலாவது தெரியாது. ஒளி மங்காத நீரைக் குடிக்கத் தகுந்தது என்று கிணற்றுக்காரரிடம் சொல்லக் கூடாது. மங்கிய நீரை, உலோகத்தை நேராக அளக்கும் அணு உறிஞ்சல் நிறமாலைமானி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பி, வரும் எண்ணையும் உங்கள் எண்ணையும் அறிக்கையில் அருகருகே எழுதுங்கள்.