எஞ்சின் ஆயில் கொஞ்சம் கூடிவிட்டால் என்ன? தவிர்க்க வேண்டிய தவறுகள்

எஞ்சின் ஆயில் மாற்றக் காரை விட்டால், ஒர்க்‌ஷாப்பில் பெரும்பாலும் 4 லிட்டர் டப்பாவைத்தான் எடுத்து வைப்பார்கள். மலேசியாவில் நம்மவர்கள் அதிகம் ஓட்டும் அக்சியா, மைவி போன்ற சிறிய கார்களுக்கு, ஃபில்டரையும் சேர்த்து மாற்றினால்கூட, அந்த டப்பா முழுதும் தேவைப்படாது. மீதி ஆயில் எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல். "காசு கொடுத்து வாங்கியது, வீணாக்க வேண்டாம், எல்லாத்தையும் ஊத்திடுங்க அண்ணே" என்று சொல்லும் வாடிக்கையாளர் உண்டு. கேட்காமலேயே டப்பாவைக் கவிழ்த்துவிடும் போமனும் (மெக்கானிக்கும்) உண்டு. செந்தூலானாலும் பட்டர்வொர்த்தானாலும் ஆயில் கூடிப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

கூடினால் கெடுதலா? எவ்வளவு கூடியது என்பதைப் பொறுத்தது. ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் நின்றால் பதற வேண்டாம். பல கார்களில் கீழ் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய 1 லிட்டர் வித்தியாசம். சிறிய எஞ்சின்களில் அதைவிடக் குறைவு. அந்தக் கணக்கில் பார்த்தால், கோட்டுக்கு மேல் லேசாக நிற்பது 100, 200 மில்லிலிட்டர்தான். அந்த அளவுக்கு எஞ்சினுக்குள் இடம் இருக்கிறது. அரை லிட்டர் கூடிவிட்டால் எடுத்துவிட வேண்டும். 1 லிட்டர் கூடியிருந்தால், எடுக்கும் வரை காரை ஓட்டவே கூடாது.

காரணம் எஞ்சினின் அடியில் இருக்கிறது. ஆயில் தங்கும் தட்டுக்குச் சற்று மேலே முதன்மைச் சுழல் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட் சுழல்கிறது. நெடுஞ்சாலையில் 3000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 3000 சுற்று) காட்டினால் அது நொடிக்கு 50 சுற்று. ஆயில் மட்டம் அதைத் தொடும் அளவுக்கு உயர்ந்தால், தே தாரிக் தேநீரை ஆற்றி இழுக்கும்போது எழுவதுபோல நுரை கிளம்பும். பம்ப் அந்த நுரையைத்தான் உறிஞ்சி அனுப்பும். நுரை என்றால் பாதி காற்று. காற்றால் பேரிங்கைக் காக்க முடியாது, ஆயில் அழுத்தமும் நிலையாக நிற்காது. உள்ளே லிட்டர் கணக்கில் ஆயில் இருந்தும், ஆயில் இல்லாத எஞ்சின் தேய்வதுபோலவே தேயும்.

அதோடு முடிவதில்லை. எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய் வழியாக ஆயில் துளிகளும் காற்றோடு போய், மீண்டும் எரியறைக்குள் நுழையும். புகைக்குழாயில் நீலப் புகை வரும், பிளக்கில் கரி படியும், நாளடைவில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பாழாகும். அதை மாற்றும் செலவில் எத்தனையோ முறை ஆயில் மாற்றலாம். டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டீசல் எஞ்சின் தன் ஆயிலையே எரிபொருளாக இழுக்க ஆரம்பித்தால், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் உறுமிக்கொண்டே போகக்கூடும்.

"அதிகமானால் என்ன, ஓட ஓடத் தானாகக் குறைந்துவிடும்" என்று சொல்வார்கள். குறையும்தான், ஆனால் எப்படிக் குறைகிறது? மேலே சொன்ன வழியில் எரிந்துதான் குறைகிறது.

இன்னொரு நம்பிக்கை, தொலைதூரப் பயணத்துக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது என்பது. தீபாவளிக்கோ தைப்பூசத்துக்கோ கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் போகிறவர்கள் இதை விரும்பிச் செய்கிறார்கள். ஏறக்குறைய 350 கிலோமீட்டர், 110 வேகத்தில் மணிக்கணக்கில் ஓட்டம், நடுவில் மெனோரா சுரங்கத்துப் பக்கம் ஏற்றம். எஞ்சின் நீண்ட நேரம் வேகமாகச் சுழலும்போதுதான் நுரை அதிகமாகும். ஆகவே கூடுதல் ஆயிலோடு புறப்படுவதற்கு இதைவிட மோசமான பயணம் வேறில்லை. மேல் கோட்டுக்குக் கீழே சரியாக நின்றால் போதும், பினாங்குப் பாலம் தாண்டும் வரை கவலையில்லை.

உண்மையில், ஆயில் கூடிவிட்டது என்று நினைக்கும் பலருக்குக் கூடியிருக்கவே இருக்காது. பார்த்த விதம் தவறாக இருக்கும். பினாங்கில் ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங் பக்கம் வீட்டு முன்னால் சரிவில் நிறுத்திவிட்டு டிப்ஸ்டிக்கை உருவினால் அது உண்மை பேசாது. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்துச் சாய்தளத்திலும் அப்படித்தான். சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்த கையோடு பார்த்தால், ஆயில் இன்னும் மேலேயே ஒட்டியிருப்பதால் மட்டம் குறைவாகத் தெரியும். அதை நம்பி ஊற்றினால் அப்புறம் கூடிப்போகும். ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். சூடாக இருக்கும்போது பார்க்க வேண்டுமா, ஆறிய பிறகா என்பது காருக்குக் கார் மாறும், கையேட்டில் போட்டிருப்பார்கள். முதல் முறை உருவியதைத் துணியால் துடைத்து, முழுதாக உள்ளே செருகி, மறுபடி எடுத்துப் பார்ப்பதுதான் கணக்கு. குச்சியின் இரு பக்கமும் வேறு வேறு மட்டம் காட்டினால் குறைவாகக் காட்டும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மறுபக்கத்தில் இருப்பது பெரும்பாலும் குழாய்ச் சுவரிலிருந்து இழுபட்டு வந்தது.

புது ஃபில்டர் போட்ட உடனே பார்ப்பதும் ஏமாற்றும். காலியான ஃபில்டர் ஓரளவு ஆயிலைக் குடிக்கும். எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு அணைத்து, கொஞ்சம் காத்திருந்த பிறகு பாருங்கள். குறைந்திருந்தால் 100 மில்லிலிட்டர் அளவில் சேருங்கள். ஒரே மூச்சில் அரை லிட்டர் ஊற்றினால் திரும்ப எடுக்கும் வேலைதான் மிஞ்சும்.

கூடிய ஆயிலை எடுப்பதற்கு, எஞ்சினின் அடியில் இருக்கும் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சமாக ஒழுகவிடலாம் என்பார்கள். சூடான ஆயில் கையில் கொட்டும், போல்ட் நழுவினால் மொத்தமும் போய்விடும். நீளமான மெல்லிய குழாய் மாட்டிய பெரிய சிரிஞ்சை டிப்ஸ்டிக் துளைக்குள் விட்டு உறிஞ்சுவதே சுலபம். ஆயில் ஊற்றும் ஃபில்லர் மூடி வழியாக முயல வேண்டாம், பல எஞ்சின்களில் அந்த வழி நேராக அடித்தட்டுக்குப் போகாது. எடுத்ததை வீட்டு முன்னால் உள்ள லோங்காங்கில் (கால்வாயில்) ஊற்றாதீர்கள். பழைய எஞ்சின் ஆயில் மலேசியச் சட்டப்படி அட்டவணைக் கழிவு, அதாவது அபாயகரமானது என்று பட்டியலிடப்பட்ட கழிவு. ஒரு போத்தலில் அடைத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால் தங்கள் பழைய ஆயிலோடு சேர்த்துக்கொள்வார்கள்.

மாற்றி முடித்ததும் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி வெகு உயரம் போயிருந்தால் வேறொன்றைச் சந்தேகப்பட வேண்டும். எஞ்சின் போல்ட்டுக்குப் பதில் கியர்பாக்ஸ் போல்ட்டைக் கழற்றி, கியர் ஆயிலை வடித்துவிட்டு, பழைய எஞ்சின் ஆயிலின் மேலேயே புதியதை ஊற்றியிருக்கலாம். இது நடக்கக்கூடிய தவறு. காரை ஒரு அடிகூட நகர்த்தாமல் அங்கேயே சரிபார்க்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸ் காலியாக இருக்கும்போது ஓட்டினால் அதன் கதை முடிந்துவிடும்.

யாரும் ஊற்றாமலே மட்டம் உயர்ந்தால் அது முற்றிலும் வேறு நோய். பெட்ரோல் வாசனை வந்தால் எரிபொருள் கலந்திருக்கிறது. சின்னச் சின்னத் தூரம் மட்டுமே ஓடி, எஞ்சின் சரியாகச் சூடாகாத கார்களில் இது வரும். ஆயில் வெளுத்து, பால் கலந்த பழுப்பாக இருந்தால் ரேடியேட்டர் தண்ணீரோ வெள்ளத் தண்ணீரோ உள்ளே போயிருக்கிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் பார்த்தோம். கோலாலம்பூரில் ஒரு மணி நேர மழைக்கே சில சாலைகள் குளமாகின்றன. கார் தண்ணீரில் நின்றிருந்தால், தண்ணீர் வடிந்ததும் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் டிப்ஸ்டிக்கை உருவுங்கள். மட்டம் உயர்ந்திருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ சாவியைத் தொடாமல் இழுவை லாரியைக் கூப்பிடுங்கள். டிப்ஸ்டிக் சுத்தமாக இருந்தால்கூட, தண்ணீர் ஏர் ஃபில்டர் உயரத்துக்கு ஏறியிருந்தால் போமன் வந்து பார்க்கும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.