கனடாவில் கேம் கன்சோல் விற்கும் சிறு கடைக்கு: விளம்பரம் போடும் முன் பார்க்க வேண்டியவை

சிறு கடைகள் கன்சோல் விளம்பரத்தில் பணத்தை விடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். தங்கள் வட்டாரத்தில் எதைத் தேடுகிறார்கள் என்று பார்க்காமலே ஸ்டாக் இறக்குவது ஒன்று. விலையையும் சலுகையையும் கனடியச் சட்டத்துக்கு ஒவ்வாதபடி எழுதிவிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் பெரிய செலவு வேண்டாம், ஒரு வார உழைப்பு போதும்.

எது ஓடுகிறது என்று கண்டுபிடிப்பது

நிறுவனங்களின் அறிக்கையில் கனடாவுக்கென்று தனிக் கணக்கைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். நின்டெண்டோ தன் விற்பனைக் கணக்கில் வட, தென் அமெரிக்காவை ஒரே கட்டமாகக் காட்டுகிறது. சோனி பிளேஸ்டேஷனுக்கு உலகக் கணக்கை மட்டும் தருகிறது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் எண்ணிக்கையை வெளியிடுவதையே நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. சந்தை ஆய்வு நிறுவனங்களின் விரிவான கணக்கு சந்தா கட்டுபவர்களுக்குத்தான். ஆகவே உங்கள் கையில் இருப்பவை இரண்டு: கூகுள் டிரெண்ட்ஸ், உள்ளூர்ப் பழைய பொருள் விளம்பரங்கள்.

டிரெண்ட்ஸில் முதலில் நாட்டைக் கனடா என்று மாற்றுங்கள். பிறகு கன்சோல் பெயரைத் தட்டும்போது கீழே வரும் பரிந்துரைகளில் ‘வீடியோ கேம் கன்சோல்’ என்று குறித்த தலைப்பையே தேர்ந்தெடுங்கள். நின்டெண்டோவின் கன்சோலுக்கு வெறும் ‘ஸ்விட்ச்’ என்று கொடுத்தால் சுவரிலுள்ள மின் சுவிட்ச் தேடியவரும் கணக்கில் சேர்ந்துவிடுவார். தலைப்பாக எடுத்தால் இன்னொரு நன்மை: கியூபெக்கில் பிரெஞ்சில் தேடியவர்களும் உள்ளே வருவார்கள்.

வரைபடத்தில் தெரியும் 100 என்பது விற்பனையோ தேடல் எண்ணிக்கையோ அல்ல. அந்த வரைபடத்தின் உச்சப் புள்ளிக்கு 100 என்று பெயர், மற்றதெல்லாம் அதற்கு ஒப்பானது. மாகாண வாரியான பட்டியலும் அப்படித்தான். அந்த மாகாணத்தின் மொத்தத் தேடலில் இதன் பங்கு எவ்வளவு என்பதை மட்டும் காட்டும். அதனால் சின்னஞ்சிறு மாகாணமான பிரின்ஸ் எட்வர்ட் தீவு பெரிய ஒன்ராறியோவுக்கு மேலே நின்றால் அங்கே கடை போட ஓட வேண்டாம்.

எல்லாரும் விட்டுவிடும் இடம் அடியில் இருக்கும் ‘தொடர்புடைய தேடல்கள்’. அங்கே விலை, ஸ்டாக் போன்ற சொற்கள் இருந்தால் வாங்க வருகிறார்கள். கன்ட்ரோலர் தொடாமலே கேம் தானாக நகர்கிறது, ஆன் ஆகவில்லை என்ற வகைச் சொற்கள் ஏறினால் அது பழுதுபார்க்கும் கூட்டம். ரிப்பேர் மேசை வைத்திருக்கும் கடைக்கு இது புதுக் கன்சோல் விற்பதைவிட நல்ல செய்தி.

அடுத்து பழைய பொருள் விளம்பரத் தளங்களான கிஜிஜி, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ். தேடலை உங்கள் கடையிலிருந்து 20 கிலோமீட்டர் தூரத்துக்குள் வையுங்கள். ஒரு திங்கட்கிழமை பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5), எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், ஸ்விட்ச் ஒவ்வொன்றுக்கும் 20 விளம்பரங்களின் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த திங்கள் அதே 20-ஐத் தேடுங்கள். காணாமல் போனவற்றின் விலையே உங்கள் வட்டாரத்துச் சந்தை விலை. அப்படியே நிற்பவை விற்பவரின் ஆசை விலை. சிலர் பழைய விளம்பரத்தை அழித்துப் புதிதாக ஏற்றுவார்கள். பின்னணியில் இருக்கும் மேசை, கம்பளம், சுவர் நிறத்தைப் பார்த்தால் அதே படம் என்று பிடிபட்டுவிடும்.

காலம்

நவம்பர் கடைசியில் வரும் பிளாக் ஃப்ரைடேயிலும் டிசம்பர் 26 பாக்சிங் டேயிலும் பெரிய கடைகளோடு விலையில் மோதாதீர்கள், தோற்பீர்கள். அந்த வாரங்களில் கூடுதல் கன்ட்ரோலர், மெமரி கார்டு, பழைய கன்சோலை வாங்கிக்கொள்வது ஆகியவற்றுக்கு விளம்பரம் போடுங்கள். புதியது வீட்டுக்கு வந்ததும் பழையது விற்பனைக்கு வரும். ஜனவரி முதல் இரண்டு வாரம் வாங்கிப் போட ஏற்றது, வரி ரீஃபண்ட் கைக்கு வரும் மார்ச், ஏப்ரல் விற்க ஏற்றது.

விலையை எழுதுவது

2025 ஜூன் 5-இல் ஸ்விட்ச் 2 கனடாவில் 629.99 டாலருக்கு வந்தது. அதே விலைக்கு வரியோடு அல்பேர்ட்டாவில் 661.49, ஒன்ராறியோவில் 711.89, கியூபெக்கில் 724.33. இணையத்தில் பல மாகாணங்களுக்கு விற்பவர் ‘வரி தனி’ என்று போட்டால் சட்டப்படி சரிதான். ஆனால் வரி அல்லாத கட்டாயக் கட்டணத்தைக் கல்லாவில் வந்து சேர்க்கக் கூடாது. சில மாகாணங்களில் மின்னணுப் பொருளுக்குச் சேரும் சுற்றுச்சூழல் கட்டணம் அரசு வாங்குபவர் மீது விதிக்கும் வரி அல்ல, அதனால் அது விளம்பர விலைக்குள்ளேயே இருக்க வேண்டும். கட்டணத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவதை, ஏமாற்று விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் கனடாவின் போட்டிச் சட்டம் 2022 முதல் பெயர் சொல்லியே தடுக்கிறது.

‘வழக்கமான விலை’ என்று ஒன்றைப் போட்டு மேலே கோடு கிழிப்பதில்தான் பலர் மாட்டுவது. அந்த விலையிலோ அதற்கு மேலோ கணிசமான எண்ணிக்கையில் விற்றிருக்க வேண்டும், அல்லது நேர்மையாகக் கணிசமான காலம் அந்த விலையில் வைத்திருக்க வேண்டும். கணிசம் என்பதைப் பாதிக்கு மேல் என்று கொள்கிறார்கள். காலத்துக்குப் பார்ப்பது ஆறு மாதம். 180 நாளில் 40 நாள் மட்டும் 699.99 போட்டுவிட்டு ‘70 டாலர் தள்ளுபடி’ என்று எழுதினால் நிற்காது. கன்சோல் பழசாக ஆக விலை இறங்கும் என்ற பழைய கணக்கும் இந்தத் தலைமுறையில் பொய்த்துவிட்டது. 2022 ஆகஸ்டில் சோனி கனடாவில் டிஸ்க் உள்ள பிஎஸ்5-ஐ 629.99-இலிருந்து 649.99-க்கு ஏற்றியது. ஆகவே போன வருட ஃப்ளையரை (விளம்பரத் துண்டுத்தாளை) நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றாதீர்கள்.

மலிவு விலையில் இரண்டே பெட்டி வைத்துக்கொண்டு ஊரையே கூப்பிடுவதையும் போட்டிச் சட்டம் தடுக்கிறது. எத்தனை இருக்கிறதோ அதை எண்ணாகப் போடுங்கள்: ‘6 மட்டும், ஆளுக்கு ஒன்று’. தீர்ந்துவிட்டால் அதே விலைக்குப் பிறகு தருவதாகச் சீட்டு எழுதிக் கொடுங்கள்.

பழைய கன்சோலை மாற்றிக்கொள்ளும் கடைகள் வரி பற்றிய ஒரு நல்ல விளம்பர வாசகத்தைத் தவறவிடுகின்றன. ஜிஎஸ்டி வசூலிக்கத் தேவையில்லாத சாதாரண ஆள் தன் பழையதைக் கொடுத்து வாங்கும்போது மீதித் தொகைக்கு மட்டுமே எச்எஸ்டி (ஒன்ராறியோ போன்ற மாகாணங்களில் மத்திய, மாகாண வரி இரண்டும் சேர்ந்த விற்பனை வரி). 629.99 டாலரில் பழையதற்கு 200 டாலர் கழித்தால் ஒன்ராறியோவில் 429.99-க்கு 13% வரி 55.90, ஆக 485.89. வாடிக்கையாளருக்கு வரியில் மட்டும் 26 டாலர் மிச்சம். இதை விளம்பரத்தில் அப்படியே எழுதலாம்.

பொருளைப் பற்றி எழுதுவது

திருப்பிக் கொண்டுவரும் சண்டைகள் பெரும்பாலும் மூன்று சொற்களைப் போடாததால் வருபவை. சீரிஸ் எஸ், பிஎஸ்5 டிஜிட்டல் ஆகியவற்றில் டிஸ்க் போட இடமில்லை. பிஎஸ்5 ப்ரோவுக்கு டிரைவ் தனியாக வாங்க வேண்டும். ‘டிஸ்க் டிரைவ் இல்லை’ என்று விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள், இல்லாவிட்டால் அதே ஃப்ளையரில் இருக்கும் பழைய டிஸ்க்குகளையும் சேர்த்து வாங்கிப் போவார்கள். ஸ்விட்ச் 2-இல் கார்டில் கேம் வைக்க மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் வகையே வேண்டும், பழைய மைக்ரோ எஸ்டி உதவாது. இரண்டையும் ஒரே படத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஹாக்கிப் படம் கனடாவில் கண்ணை இழுக்கும், சரி. ஆனால் இஏ நிறுவனத்தின் என்எச்எல் ஹாக்கி கேம் ஸ்விட்சில் வருவதில்லை. ஹாக்கி வீரர் படத்துக்குக் கீழே ஸ்விட்ச் பெட்டியைப் போட்ட விளம்பரம் பிள்ளையின் பிறந்தநாளைக் கெடுத்துவிடும். கேமோடு சேர்த்து விற்றால் கேம் பெட்டியில் இருக்கும் இஎஸ்ஆர்பி (வட அமெரிக்காவின் கேம் தர நிர்ணய அமைப்பு) வயதுக் குறியீட்டையும் காட்டுங்கள்; 17 வயதும் அதற்கு மேலும் என்ற எம் குறியுள்ள கேமைச் சிறுவர் படத்தோடு போடாதீர்கள்.

கியூபெக்

மொன்றியலுக்கும் விளம்பரம் போகிறதென்றால் இரண்டு விஷயம். வணிக விளம்பரப் பலகை பிரெஞ்சில் இருக்க வேண்டும். தமிழோ ஆங்கிலமோ சேரலாம், ஆனால் பிரெஞ்சு எடுப்பாக மேலோங்கித் தெரிய வேண்டும். இரண்டாவது, 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைக்கும் வணிக விளம்பரம் அங்கே 1980 முதல் தடை. உச்ச நீதிமன்றமும் 1989-இல் அதை ஏற்றது. பார்ப்பது மூன்று: பொருள் யாருக்கானது, எப்படிக் காட்டப்படுகிறது, எங்கே எப்போது காட்டப்படுகிறது. கடைச் சாளரத்துக்கும் உட்காட்சிக்கும் நிபந்தனையோடு விலக்கு உண்டு. ‘அப்பாவிடம் கேட்டு வாங்கு!’ என்ற வாசகம் அந்த விலக்கிலும் அடங்காது. மற்ற மாகாணங்களிலும் குழந்தைகளுக்கான ஒலிபரப்பு விளம்பர நெறி இதே வாசகத்தை விலக்குகிறது. பெற்றோரைப் பார்த்துப் பேசுங்கள்.

குலுக்கலும் வாட்ஸ்அப்பும்

‘பகிர்ந்தால் ஒரு கன்சோல் இலவசம்’ என்று எழுதும் முன்: வெறும் அதிர்ஷ்டத்தில் பரிசு கொடுப்பது குற்றவியல் சட்டத்தில் சிக்கும். அதனால்தான் கனடாவில் வென்றவரிடம் (12 × 4) + 6 − 9 மாதிரி ஒரு கணக்குக் கேட்பது. பொருள் வாங்காமலும் கலந்துகொள்ள வழி இருக்க வேண்டும். பரிசு எத்தனை, சுமார் மதிப்பு என்ன, வெல்லும் வாய்ப்பு எதைப் பொறுத்தது என்பதையும் முன்பே சொல்லுங்கள்.

மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் எல்லாவற்றுக்கும் 2014-இல் நடைமுறைக்கு வந்த ஸ்பாம் தடைச் சட்டம் பொருந்தும். கோயில் குழுவிலிருந்து எண்களை எடுத்து விலைப்பட்டியல் அனுப்பினால் சம்மதம் எங்கே என்று கேட்பார்கள். உங்களிடம் வாங்கியவருக்கு இரண்டு ஆண்டும், விலை விசாரித்தவருக்கு ஆறு மாதமும் சம்மதம் இருப்பதாகக் கொள்ளலாம். அதன் பிறகு வெளிப்படையாகக் கேட்டுப் பெற வேண்டும். ரசீது போடும் இடத்திலேயே ஒரு கட்டம் வைத்து, முன்கூட்டியே டிக் போடாமல், அவர்கள் கையால் குறிக்க விடுங்கள். தேதியோடு சேமித்து வையுங்கள். ஒவ்வொரு செய்தியிலும் கடைப் பெயர், முகவரி, விலகும் வழி மூன்றும் வேண்டும். விலகச் சொன்னவரை 10 வேலை நாளுக்குள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.