நாடகச் சங்கத்தில் சேர்ந்தும் வளராமல் போவது எதனால்?

சந்தாவைக் கட்டி, வாட்ஸ்அப் குழுவில் பெயர் ஏறியதும் யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பதுதான் திருகோணமலையில் நாடகத்துக்கு வருகிற இளம் பிள்ளைகள் அதிகம் செய்கிற தவறு. சங்கம் யாருக்கும் வேடம் பிரித்துக் கொடுக்காது. நெறியாளர் தனக்குத் தெரிந்தவரைத்தான் கூப்பிடுவார். நீங்கள் நேரத்துக்கு வருகிறவரா, ஏற்ற வேலையை முடிக்கிறவரா என்று நாலு பேர் பார்த்துத் தெரிந்துகொள்கிற இடம் சங்கம், அவ்வளவுதான்.

அதனால் வந்த உடனே பதவிக்கு அடிபடாதீர்கள். பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு மூன்று பேர் நிற்பார்கள், கூட்டக் குறிப்பு எழுத ஒருவரும் கை தூக்கமாட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த வேலையை எடுங்கள் என்பேன். பிரதேச செயலகத்துக் கலாசார உத்தியோகத்தருக்குக் கடிதம் கொண்டுபோவது, மண்டபம் பதிவு செய்வது எல்லாம் அதோடு சேர்ந்து வரும். நாடகத்தைப் பகிரங்கமாக மேடையேற்றப் பிரதிக்கு முன்அனுமதி எடுக்க வேண்டும், 1912ஆம் ஆண்டுச் சட்டம் அது. நடிக்கிறவர்களில் பலருக்கு இது கடைசி வாரத்தில்தான் தெரியவருகிறது. கிழக்கு மாகாண சபையின் அலுவலகங்கள் நம்முடைய ஊரிலேயே இருக்கின்றன. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருந்து ஆட்கள் பஸ் ஏறி வருகிற இடத்துக்கு நீங்கள் நடந்தே போகலாம்.

நடிப்பைத் தவிர வேறு எதையும் தொடமாட்டேன் என்று இருப்பது இன்னும் பெரிய தவறு. ஒரு நாடகத்தில் நடிக்கப் பத்துப் பேர் வருவார்கள், ஒளியமைப்புக்கு ஒருவரைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எந்தச் சுவிட்சுக்கு எந்த விளக்கு எரிகிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, துண்டுப் பேப்பரில் எழுதிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்கிற ஒரு பிள்ளை இருந்தால் அடுத்த நாடகத்துக்கும் அந்தப் பிள்ளையைத்தான் தேடுவார்கள், அப்புறம் ஒருநாள் நடிகர் ஒருவர் வராமல் போனால் வசனம் முழுவதும் தெரிந்த ஆளாகப் பக்கத்தில் நிற்பதும் அதே பிள்ளைதான். ஒப்பனையும் உடுப்பும் அப்படித்தான். கூத்தில் ஆசை இருந்தால் அதைப் பழக்குகிற அண்ணாவியாரின் மத்தளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளக்கட்டைப் படியுங்கள், ஆட்டம் பிறகு வரும்.

சங்கம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததோடு தூரம் குறைந்தது உண்மைதான், ஆனாலும் ஒத்திகையை இரவு எட்டு மணிக்கு வைத்தால் கிண்ணியா, மூதூர் பிள்ளைகள் வரமாட்டார்கள், பெண் பிள்ளைகள் நிச்சயமாக வரமாட்டார்கள். திறமை இல்லாமல் அவர்கள் விலகவில்லை.

காசு விஷயத்தில் வாய் திறக்காமல் இருக்கிற பழக்கத்தையும் விடுங்கள். சங்கத்தின் சொந்த நாடகத்துக்குச் சம்பளம் கேட்க முடியாது, சரி. ஆனால் தமிழ் மொழித் தினப் போட்டிக்கு ஒரு பாடசாலை நாடகம் பழக்கக் கூப்பிட்டால், எத்தனை நாள், எவ்வளவு, பஸ் காசு யார் தருவது என்று முதல் நாளே பேசுங்கள். ஐந்து வருடம் பொன்னாடை மட்டும் வாங்கிக்கொண்டு கடைசியில் நாடகத்தையே விட்டுப்போன நல்ல கலைஞர்களை நினைத்தால் மனசு கனக்கிறது.

சண்டை வந்தால் குழுவில் நீளமாக எழுதிவிட்டு வெளியேறாதீர்கள். சின்ன ஊர், அதே ஆட்களோடுதான் அடுத்த மேடையும்.

ஊருக்குள்ளேயே சுற்றுவதும் ஆகாது. மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகமும் அரங்கியலும் பட்டப்படிப்பாகவே இருக்கிறது, அங்கே ஆற்றுகை நடந்தால் போய்ப் பாருங்கள். 1962 முதல் மார்ச் 27 உலக நாடக தினம். அன்றைக்குச் சங்கத்தின் சார்பில் ஒருவர் வெளியூர் போக வேண்டுமென்றால் நீங்கள் கேட்டுப் போங்கள். போகும்போது செய்த வேலைகளை ஒரு கோப்பில் கொண்டுபோங்கள்: நாடகத்தின் பெயர், திகதி, மண்டபம், நீங்கள் என்ன செய்தீர்கள், நிகழ்ச்சி நிரல், இரண்டு படம். சான்றிதழ்களைப் பின்னால் வையுங்கள்.