வேலைக்குச் சேர்க்கும் முன் வயதை உறுதிசெய்வது எப்படி: சிறு தொழில் உரிமையாளர்களுக்கு

உணவகமோ பட்டறையோ பின்னலாடைப் பிரிவோ நடத்துபவர், புதிதாக வருபவரிடம் சம்பளம் பேசுவதற்கு முன்பே அவருடைய வயதுச் சான்றைப் பார்த்துவிட வேண்டும். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபின், 14 வயது நிறையாதவரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது. 14 முதல் 18 வயதுக்குட்பட்ட வளரிளம் பருவத்தினரைச் சுரங்கம், பட்டாசு உள்ளிட்ட வெடிபொருள், எளிதில் தீப்பற்றும் பொருள் சார்ந்த வேலைகளிலும், சட்டம் அபாயகரமானவை எனக் குறிக்கும் செயல்முறைகளிலும் ஈடுபடுத்தக் கூடாது.

பெற்றோரின் வாய்மொழியை நம்பிவிடாமல், பள்ளிச் சான்றிதழ் அல்லது உள்ளாட்சி அமைப்பு வழங்கிய பிறப்புச் சான்றிதழின் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். மேஸ்திரி அழைத்து வரும் ஆட்களுக்கும் இதுவே நடைமுறையாக இருக்கட்டும். வேலைக்கு அமர்த்துபவரை மட்டுமன்றி, வேலை செய்ய அனுமதிப்பவரையும் சட்டம் தண்டிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

குடும்பத் தொழிலுக்கு விலக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது பள்ளி நேரத்துக்குப் பின்னரோ விடுமுறையிலோ, படிப்பு கெடாமல், அபாயமற்ற வேலையில் சொந்தக் குடும்பத்துக்குக் கைகொடுக்கும் பிள்ளைக்கு மட்டுமே பொருந்தும். பக்கத்து வீட்டுச் சிறுவனைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு அந்த விலக்கைக் காட்ட முடியாது.

வளரிளம் பருவத்தினரை அனுமதிக்கப்பட்ட பணியில் வைத்திருந்தால், தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல் இடையில் குறைந்தது 1 மணி நேர ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தே ஒரு நாளுக்கு 6 மணி நேரம்தான். இரவு 7 முதல் காலை 8 மணி வரை வேலையோ, மிகைநேரப் பணியோ கூடாது. வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை கட்டாயம். பெயர், பிறந்த தேதி, பணி நேரம், ஓய்வு நேரம், வேலையின் தன்மை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, ஆய்வாளர் கேட்கும்போது காட்ட வேண்டும்.

குழந்தையை வேலைக்கு வைத்தால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். இது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம்.

உங்கள் இடத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தை வேலை செய்வது தெரியவந்தால், சோதனைக்கு அஞ்சிப் பின்வாசல் வழியாக அனுப்பிவிடாதீர்கள். அந்தப் பிள்ளை அடுத்த தெருவில் வேறொரு கடையில்தான் போய் நிற்கும். வேலையை உடனே நிறுத்தி, சேர வேண்டிய கூலியை முழுவதும் கொடுத்து, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவித்து, பள்ளியில் மீண்டும் சேரும் வரை குடும்பத்தோடு தொடர்பில் இருங்கள்.